ஆடாமல் நிற்கட்டும்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆம்னி வேன் வந்து நின்றது. அதன் பின்கதவைத் தூக்கி வைத்துவிட்டு, ஓர் இளைஞர் இரும்பு உருளையில் சுற்றியிருந்த கேபிளைப் பிரிக்கத் தொடங்கினார். கேபிளின் நுனியில் டார்ச் லைட் பருமனில் ஒரு கேமரா. அதைச் சுற்றி மூன்று வளைந்த கம்பிகள். துளையின் பக்கங்களில் மோதாமல் கேமரா நடுவிலேயே இறங்குவதற்காக அந்தக் கம்பிகள் என்றார். கேபிள் ஒரு சிறிய சக்கரத்தின் மேல் ஓடியது. சக்கரம் சுற்றச் சுற்ற எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று திரையில் எண் மாறிக்கொண்டே இருந்தது.

முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்திருந்தது. 2003இன் வறட்சியில் 780 அடிக்குப் போட்ட ஆழ்துளைக் கிணறு அது. திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்து இரவெல்லாம் உறுமி, தெருவையே வெள்ளைப் பாறை மாவால் பூசிவிட்டுப் போனது இன்னும் நினைவிருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் கழித்து மோட்டார் உள்ளே சிக்கிக்கொண்டது. இழுத்ததில் குழாய் அறுந்து மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் கேமரா.

முதலில் கேசிங் குழாயின் மழமழப்பு. 62 அடியில் அது முடிந்து பாறை தொடங்கியது. 190ஆவது அடியில் ஈரக்கோடு ஒன்று. 230இல் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து கசிந்த நீர் பாறைச்சுவரில் வழிந்து, கேமராவின் வெளிச்சத்தில் மீன் செதில்போல மினுங்கியது. 410இல் தண்ணீர் தொட்டது. அதற்குப் பிறகு திரையில் கலங்கல் மட்டுமே.

"ஆடாம நிக்கட்டுங்க சார். கலங்கல் அடங்கட்டும். அவசரப்பட்டா ஒண்ணும் தெரியாதுங்" என்றார் அந்த இளைஞர்.

இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு மெல்ல இறக்கினார். 611இல் அறுந்த குழாயின் முனை தெரிந்தது. அதை ஒட்டி இன்னும் கீழே போனபோது, மோட்டாருக்கும் பாறைக்கும் நடுவே பெயர்ந்து விழுந்த கல் ஒன்று ஆப்பு அடித்தாற்போல் இறுகியிருந்தது. "இது வராதுங்க" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மோட்டார் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படம் என்னை விட்டுப் போகவில்லை. பதினான்கு ஆண்டுகள் தினமும் குடித்த தண்ணீரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எடுப்பதற்கு மட்டுமே துளை போட்டிருந்தோம். பார்ப்பதற்கோ கேட்பதற்கோ அதுவரை எதையும் இறக்கியதில்லை.

*

2019 பிப்ரவரியில் மகளோடு சில மாதங்கள் தங்குவதற்காக டொராண்டோ போயிருந்தேன். கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் மட்டக்களப்புக்காரர். 1990இல் ஊரைவிட்டுக் கிளம்பியவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். ஒரு சனிக்கிழமை விடியலில் கதவைத் தட்டி, "மீன் பிடிக்கப் போறன். வாறீங்களா அண்ணன்?" என்றார்.

ஒரு மணிநேரத்துக்குமேல் வடக்கே சென்று சிம்கோ ஏரியை அடைந்தோம். எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள ஏரி. ஆனால் ஏரி என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வெள்ளை வெளி. அதன்மேல் ஆங்காங்கே சிறிய கூடாரங்கள், மரக்குடில்கள், பனிவண்டிகள். அறுவடை முடிந்த காட்டில் சந்தை கூடியதுபோல இருந்தது. காலுக்குக் கீழே ஓரடிக்கு மேல் உறைந்த நீர் என்று தெரிந்தும் முதல் பத்துத் தப்படிகளைக் கோயில் பிரகாரத்து வெயிலில் நடப்பவனைப்போல எட்டி எட்டி வைத்தேன். எனக்கு மீன்பிடி உரிமச்சீட்டு கிடையாது, வெறும் பார்வையாளன்.

ஆளுயரத் திருகு ஒன்றால் தம்பி துளை போட்டார். எட்டங்குல அகலம். எங்கள் ஊர் ஆழ்துளையின் அகலம் ஆறரை அங்குலம் என்பது உடனே நினைவுக்கு வந்தது. திருகு சட்டென்று இலகுவானதும் நீர் கொப்பளித்து மேலேறி, பனிக்கூழாய் நிரம்பி நின்றது. நம் வீட்டு ஜல்லிக் கரண்டியைப்போன்ற ஒன்றால் அந்தக் கூழை அள்ளி எறிந்தார். துளைக்குள் கருநீலமாய்த் தண்ணீர் தெரிந்தது.

பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார். சிறிய திரை, மின்கலம், வடத்தின் நுனியில் பெரிய மாத்திரைபோல உருண்ட ஒரு பொருள். "இதுதான் ட்ரான்ஸ்டூசர். சோனார்ட வாயும் இதுதான், காதும் இதுதான்" என்றார்.

மீன் பிடிப்பதைவிட அதைத் துளைக்குள் வைப்பதில்தான் அவருக்கு அதிகக் கவனம் இருந்தது. முதலில் அதன் அடிமுகத்தை விரலால் துடைத்தார். ஒரு காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தாலும் ஒலி அதில் பட்டுத் திரும்பிவிடும், கீழே போகாது. வடம் ஒரு மிதவையின் வழியாகச் சென்றது. மிதவையைத் துளையின் ஓரமாக வைத்தார். நடுவில் வைத்தால் தூண்டில் நூல் அதில் சிக்கும். வடத்தின் நீளத்தைப் பனியின் தடிமனுக்கு ஏற்ப இழுத்து நிறுத்தினார். பனிச்சுவரின் கீழ்விளிம்பைத் தாண்டிச் சற்றே வெளியே தொங்க வேண்டும். துளைக்குள்ளேயே நின்றுவிட்டால் பக்கத்துப் பனியிலிருந்து எதிரொலி வந்து திரையைக் குழப்பும். மிகவும் இறக்கிவிட்டால் மேலே வருகிற மீன் தெரியாது, நூலும் சுற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதன் முகம் நேர் கீழே பார்ப்பது. கொத்தனாரின் தூக்குக்குண்டு போலத்தான்.

நான் குனிந்து திரையைப் பார்த்தேன். கோடுகள் அலைந்தன.

"இப்ப பாக்காதீங்க அண்ணன். அது ஆடுது. ஆடாம நிக்கட்டும், மறுகா பாருங்க."

ராயபுரத்து இளைஞரின் அதே சொற்கள். எனக்கு உடல் சிலிர்த்தது குளிரால் மட்டுமல்ல.

ஆட்டம் அடங்கியதும் திரையில் தடித்த பட்டை ஒன்று நிலைகொண்டது. ஏரியின் தரை. பத்து மீட்டர் ஆழம். அதற்குமேல் மெல்லிய கோடு ஒன்று, அவருடைய தூண்டில். அவர் கையை அசைத்தால் அந்தக் கோடும் ஏறி இறங்கியது. அந்த மாத்திரை அனுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாதது. மனிதச் செவி வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வுகளோடு நின்றுவிடும். இது அதைப்போலப் பத்து மடங்கு. குளிர்ந்த நன்னீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1400 மீட்டர் ஓடும் என்பதால், பத்து மீட்டர் போய்த் திரும்ப ஒரு வினாடியில் எழுபதில் ஒரு பங்கு போதும். அந்த இமைப்பொழுதை அளந்துதான் கருவி ஆழத்தைச் சொல்கிறது. ஒலி கூம்பாக விரியும். இருபது பாகைக் கூம்பானால் பத்து மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகல வட்டம்தான் தெரியும். முகம் கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த வட்டம் வேறெங்கோ போய்விடும். தன் தூண்டிலே தன் கண்ணுக்குத் தெரியாது.

எவ்வளவு சிறிய வட்டம் என்று நினைத்தேன். எழுநூறு சதுர கிலோமீட்டரில் மூன்றரை மீட்டர். அதில் மீன் வராவிட்டால் இருபது அடி தள்ளி இன்னொரு துளை. அன்று ஏழு துளைகள் போட்டோம்.

*

நீருக்குள் ஒலியின் வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்ததும் ஓர் ஏரியில்தான். 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடோன், ஸ்டர்ம் என்ற இருவர், இரவு நேரத்தில், பதின்மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான இடைவெளியில் இரண்டு படகுகளை நிறுத்தினார்கள். ஒரு படகின் கீழே நீருக்குள் மணி தொங்கியது. மணியை அடிக்கும் அதே கணத்தில் மேலே வெடிமருந்து பற்றி ஒளிரும். மறு படகில் கொலடோன் நீண்ட குழாய் ஒன்றை நீரில் இறக்கி அதன் மேல்முனையில் காதை வைத்துக் கொண்டார். ஒளி கண்டதற்கும் ஒலி கேட்டதற்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிட்டு வினாடிக்கு 1435 மீட்டர் என்று சொன்னார். இன்றைய கருவிகள் சொல்வதற்கு மிக அருகில்.

1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, பனிப்பாறைகளை ஒலியால் கண்டறியும் முயற்சிகள் வேகம் பெற்றன. கனடாவில் பிறந்த ரெஜினால்டு ஃபெஸன்டன் 1914இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கடலில், தன் கருவி எழுப்பிய ஒலி ஒரு பனிப்பாறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டார். பனிக்கட்டியைக் கண்டுபிடிக்கப் பிறந்த கலை, நூறாண்டு கழித்துப் பனிக்கட்டியின் துளை வழியே மீனைத் தேடுகிறது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்கட ஊரில இதுக்குப் பெட்டி தேவையில்ல அண்ணன்" என்றார். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில், முழுநிலவு இரவுகளில் தோணியில் போய்த் துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மறுமுனையைக் காதில் வைத்தால் மீன்கள் பாடுவது கேட்கும். மீன் பாடும் தேன்நாடு என்று அந்த ஊருக்குப் பெயரே உண்டு. அவருடைய தகப்பனார் அப்படிக் கேட்டிருக்கிறாராம். சிறுவயதில் இவரையும் கூட்டிப்போயிருக்கிறார்.

"உங்களுக்குக் கேட்டதா?" என்றேன்.

"கேட்டது எண்டுதான் வாப்பாட்ட… இல்ல, அப்பாட்ட சொன்னன்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். காத்தான்குடிப் பையன்களோடு வளர்ந்த நாக்கு அது. சற்று நேரம் கழித்து, "உண்மையச் சொன்னா, அண்டைக்கு ஒண்டும் கேக்கல. அவர் ஆசயாப் பாத்துக்கொண்டு இருந்தார். அதால கேட்டது எண்டன்" என்றார். பிறகு மிதவையைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்.

நான் என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன்.

*

ஆழ்துளைக்கு முன்னால் எங்கள் வீட்டில் சேந்துகிணறு இருந்தது. 48 அடி. கருங்கல் கட்டு, சகடை, தேங்காய்நார்க் கயிறு. அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். காலையில் வேலைக்குப் போகுமுன் கிணற்றில் ஒரு சிறு கல்லைப் போடுவார். விரல்களை மடக்கி வேகமாக எண்ணுவார். நான்கில் சத்தம் வந்தால் தண்ணீர் மேலே இருக்கிறது. ஆறு என்றால் இறங்கிவிட்டது. ஏழுக்குப் போனால் அம்மாவிடம், "துணிக்கு ஆத்துக்குப் போயிருங்க" என்பார். எங்கும் படித்ததல்ல, தானே பழகிக்கொண்ட அளவு. நொய்யல் அப்போது துணி துவைக்கிற ஆறாகத்தான் இருந்தது.

நான் 1984இல் ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதப் போனேன். இருபது ஆண்டுகள் அங்கே இருந்தேன். ஊர் வளர்ந்த காலம் அது. துணியைச் சாயத்தில் முக்குவதோடு வேலை முடிவதில்லை. பருத்தியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். பிறகு மிச்சச் சாயமும் உப்பும் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். அதற்கெல்லாம் தண்ணீர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் வந்தது. ஒவ்வொரு லாரிக்கும் சீட்டு. ஒவ்வொரு சீட்டும் என் பேரேட்டில் ஏறும். வாங்கிய தண்ணீருக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்தேன். விட்ட தண்ணீருக்குப் பேரேட்டில் பத்தியே கிடையாது. அது பின்பக்கச் சாக்கடை வழியாக ஓடைக்கும், ஓடையிலிருந்து நொய்யலுக்கும் போயிற்று.

அப்பா ஒருநாளும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. ஆற்றுப்பாலத்தைக் கடந்து வரும்போது மட்டும், "இன்னைக்கு நெவி புளூவாட்ட இருக்குது" என்பார். அல்லது, "மெரூன் ஆர்டரு முடிஞ்சுதா?" அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. பிறகு லேசாக நிறம் தட்டியது. அப்பா கல் போடுவதை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. 1998இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு கிணற்றைக் கட்டட இடிபாடுகள் கொட்டி மூடினோம். மூடுவதற்குமுன் ஒரு கல்லைப் போட்டுக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

நொய்யலின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துபவை மட்டுமே பின்னர் திறக்க முடிந்தது. நிறத்தை நீக்குவது எளிது; உப்பை நீக்குவதுதான் பெரும்பாடு. மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பை எந்தத் தீர்ப்பும் மேலே அழைக்க முடியாது.

*

ஊர் திரும்பிய அதே ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாட்கள் தமிழ்நாடே தொலைக்காட்சியில் ஒரு துளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கேமரா இறக்கினார்கள். முதலில் அழுகுரல் கேட்டது என்றார்கள். பிறகு கேட்கவில்லை என்றார்கள். பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட, கடும்பாறை ரிக்குகளையே தடுத்தது. 29ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அன்று காலை எழுந்ததும் நேராக எங்கள் துளைக்குப் போனேன். ஒரு பழைய சிமெண்ட் சாக்கும் அதன்மேல் ஒரு கல்லும்தான் இரண்டரை ஆண்டுகளாக அதன் மூடி. பக்கத்து வீட்டில் நடைபழகும் குழந்தை இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே பிளம்பரை அழைத்துத் திருகு மூடி போட்டுப் பூட்டினேன். மொட்டைமாடி மழைநீரை ஜல்லி, மணல், கரி நிரப்பிய தொட்டி வழியாகத் துளைக்குள் விட ஏற்பாடு செய்தேன். 2003இலேயே மாநிலம் முழுதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். அப்போது பேருக்கு ஒரு குழாயை நட்டு அதிகாரிகளுக்குக் காட்டியவர்களில் நானும் ஒருவன்.

அதன்பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒரு வேலை. கல் போட்டுக் கேட்க ஆழ்துளை தோதுப்படாது; அந்த ஆழத்துக்கு அப்பாவின் விரல்களும் போதா. பனியன் கம்பெனிக் கழிவில் கிடைத்த சிவப்புப் பருத்தி நூலைப் பல இழைகளாக முறுக்கி, பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். நுனியில் ஓர் இரும்பு நட்டு. பூட்டைத் திறந்து, துளையின் நடுவில் நூலைப் பிடித்து இறக்குகிறேன். ஓரத்தில் உரசினால் பாறை ஈரம் பட்டு அளவு தப்பாகிவிடும். அதனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் நின்று, ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்கிறேன். இழுத்தெடுத்தபின் நனைந்த இடம் இரத்தம்போல் கருஞ்சிவப்பாகத் தெரியும். அதுவரை அடி எண்ணி நோட்டில் எழுதுகிறேன். தேதி, அடி, குறிப்பு என்று மூன்று பத்திகள். முதல் பதிவு 372 அடி. நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை 240வரை ஏறியது. கோடையில் மறுபடி இறங்கியது. என் மாடித் தண்ணீரால் ஏறியதா, ஊருக்கே பெய்ததால் ஏறியதா என்று நூலுக்குத் தெரியாது. என் வட்டம் ஆறரை அங்குலம்.

ஒருநாள் இரவு தூக்கம் வராமல் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பட்டறைக்குச் சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு லாரி, லாரிக்கு 12,000 லிட்டர், ஆண்டுக்கு 300 நாள், இருபது ஆண்டு. 86 கோடியே 40 லட்சம் லிட்டர். உள்ளே வந்ததெல்லாம், ஆவியாகப் போனது தவிர, வெளியே போனதுதான். மறுபக்கம் என் மாடி: எண்பது சதுர மீட்டர், ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, ஒரு துளி சிந்தாமல் உள்ளே விட்டாலும் 48,000 லிட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தேன். பதினெட்டாயிரம் ஆண்டுகள்.

மூன்று முறை சரிபார்த்தேன். கணக்குப்பிள்ளையின் பழக்கம். விடை மாறவில்லை.

அந்த எண்ணைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். ரப்பர் மேசையிலேயே இருக்கிறது. அழிக்கத் தோன்றவில்லை, மையால் மேலே எழுதவும் கை வரவில்லை. வரும் ஞாயிறு முதல் ஞாயிறு. நூலைக் காயவைத்திருக்கிறேன்.